ஊரும் மனிதனும் அரசாங்கமும்

1948-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், புது டில்லியில் கூடிய அரசியல் நிர்ணய சபையில், சுதந்திர இந்தியாவுக்குரிய அரசியல் சட்ட வரைவை டாக்டர் அம்பேத்கர் முன்மொழிந்தார். வரைவுக் குழுவின் தலைவர் என்ற முறையில் அன்று அவர் நிகழ்த்திய உரை நீண்டது. அதில் பெரும்பகுதி சட்ட நுட்பங்களைப் பற்றியது. ஆயினும் இடையே அவர் வெளியிட்ட கருத்து ஒன்று உறுப்பினர் பலருடைய உள்ளத்தைச் சுட்டது. இவ்வரைவு கிராமத்தை விலக்கிவிட்டுத் தனிமனிதனையே தன் அடிப்படை அலகாகக் கொண்டுள்ளது என்றும், அது தமக்கு மகிழ்ச்சி அளிக்கிறது என்றும் அவர் கூறினார். குறுகிய நோக்கும் அறியாமையும் வகுப்பு வேற்றுமையும் குடிகொண்ட இடமே கிராமம் என்பது அவருடைய துணிபு.

காந்தியடிகள் மறைந்து அப்போது ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன. கிராமமே இந்தியாவின் உயிர்நிலை என்று ஆண்டாண்டுகளாகக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இக்கருத்து கடுமையாகப் பட்டதில் வியப்பில்லை. மறுநாளே எச். வி. காமத் எழுந்து, இது நகரத்துப் படிப்பாளிகளின் மேட்டிமை மனப்பான்மை என்று கண்டித்தார். தொடர்ந்து வந்த நாட்களில் வேறு பலரும் கிராமத்துக்காக வாதாடினர்.

அவ்வாதத்தின் அடியில் இருந்த வினா எளியது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. அது யாருக்கு வந்தது? ஊருக்கா, ஊரில் உள்ள ஒவ்வொரு மனிதனுக்குமா? ஊரின் விருப்பமும் மனிதனின் விருப்பமும் ஒன்றாக இருக்கும் வரையில் தொல்லை இல்லை. ஊர் ஒருபுறமும் ஒரு மனிதன் மறுபுறமும் நிற்க நேர்ந்தால் அரசாங்கம் எப்பக்கம் நிற்பது? பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட நம்மைப் போன்றோர்க்கு இது வெறும் ஏட்டு விவகாரம் அன்று. நாம் இருக்கும் இடத்தில் இருப்பதற்கான உரிமையே இவ்வினாவுக்குக் கிடைத்த விடையைப் பொறுத்திருக்கிறது.

கிராமத்தின் பக்கம் இருந்த நியாயத்தை முதலில் காண்போம். 1830-ஆம் ஆண்டில் சார்லஸ் மெட்காப் என்னும் ஆங்கில அதிகாரி, இந்தியக் கிராம சமுதாயங்களைச் சிறு குடியரசுகள் என்று வருணித்துக் குறிப்பு ஒன்று எழுதினார். அரச மரபுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தபோதும் கிராமங்கள் நிலைத்து நின்றன என்பது அதன் சாரம். பின்னாளில் நம் தேசியத் தலைவர்கள் பலர் அக்கருத்தை ஏற்றுக்கொண்டனர். நாட்டுப் பற்றோடு வரலாற்றுச் சான்றும் அவர்களுக்குத் துணை நின்றது. உத்தரமேரூரில் முதற் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்ற விதியும் அங்கே உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஒழுங்கைக் கைக்கொண்ட ஒரு சமுதாயம், தன்னைத் தானே ஆளத் தெரியாதது என்று யார் சொல்ல முடியும்?

காந்தியடிகளின் எண்ணம் இதனினும் ஆழமானது. 1909-இல் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்பும்போது அவர் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ என்ற நூலை எழுதினார். ஆங்கிலேயரை அனுப்பிவிட்டு, அவர்களுடைய ஆட்சிமுறையை மட்டும் வைத்துக்கொள்வது சுயராஜ்யம் ஆகாது என்பது அந்நூலின் மையக் கருத்துகளுள் ஒன்று. 1946 ஜூலையில் ‘ஹரிஜன்’ இதழில் அவர் தம் கனவை ஓர் உவமையால் விளக்கினார். அடித்தளம் தாங்க உச்சி ஏறி நிற்கும் கோபுரம் போல் அரசு இருத்தல் வேண்டா; கடலில் விரியும் நீர்வட்டங்கள் போல் இருக்கட்டும் என்றார். அவ்வட்டங்களின் நடுவில் அவர் வைத்தது தனிமனிதனையே என்பதை மறத்தலாகாது. அந்த மனிதன் தன் கிராமத்துக்காகவும், கிராமம் பல கிராமங்கள் சேர்ந்த வட்டத்துக்காகவும் தன்னை ஈந்துகொள்ள ஆயத்தமாக இருக்கும். இதில் அதிகாரத்துக்கு இடமில்லை. மனம் உவந்து செய்யும் கடமைக்கே இடம் உண்டு.

இந்த நோக்கு ஏன் மக்களைக் கவர்ந்தது என்பதும் வெளிப்படை. அன்றைய இந்தியருக்கு அரசாங்கம் என்றால் வரி வாங்கும் கை, தடி ஏந்திய கை, சிறைக் கதவைப் பூட்டும் கை. ஆகவே அரசாங்கம் எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவுக்குச் சுதந்திரம் வளரும் என்று அவர்கள் எண்ணினர். அந்நிய ஆட்சியில் வாழ்ந்த அனுபவம் கற்பித்த பாடம் அது. ஆனால் அதே நாட்டில், அதே ஆட்சியின்கீழ் வாழ்ந்த வேறு சிலருக்கு அனுபவம் வேறு பாடத்தைக் கற்பித்தது.

அன்றைய பம்பாய் மாகாணத்தில், கொங்கணக் கரையை அடுத்த மகாட் என்னும் ஊரில் சவுதார் குளம் என்று ஒரு பொதுக் குளம் இருக்கிறது. பொது நிதியால் பராமரிக்கப்படும் குளங்களையும் கிணறுகளையும் தீண்டத்தகாதார் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டசபை 1923-இல் தீர்மானித்தது. மகாட் நகரசபையும் 1924-இல் தன் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் செய்தது. காகிதத்தில் தடை ஏதும் இல்லை. ஆயினும் மூன்று ஆண்டுகள் கழிந்தும் அம்மக்களில் ஒருவர்கூட அக்குளத்து நீரை அள்ளத் துணியவில்லை. ஊரின் அச்சம் சட்டத்தைக் காட்டிலும் பெரிதாக இருந்தது.

1927 மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகச் சென்று அக்குளத்தில் இறங்கி ஒரு கை நீரை அள்ளிப் பருகினார். அவர்கள் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. மாநாட்டுக்கு வந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். குளத்துக்குச் சாணமும் கோமியமும் கொண்டு சுத்திச் சடங்கு நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நகரசபை தன் பழைய தீர்மானத்தை ரத்துச் செய்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. அம்மக்களுக்கும் குளத்தில் உரிமை உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் கூறியது 1937 மார்ச்சில். ஒரு கை நீருக்குப் பத்து ஆண்டுகள்!

இந்நிகழ்ச்சியில் விலங்கைப் பூட்டியது யார் என்று ஆராய வேண்டும். அரசாங்கம் அங்கே தடை விதிக்கவில்லை, ஊர்தான் விதித்தது. ஊர் விலக்கு என்றால் என்ன என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களை அறிந்த நமக்கு விளக்க வேண்டுவதில்லை. நாவிதர் வர மாட்டார். வண்ணார் வர மாட்டார். கடையில் உப்பு விற்க மாட்டார்கள். கிணற்றில் நீர் இறைக்க விட மாட்டார்கள். இதற்குச் சட்டப் புத்தகமும் வேண்டா, சிறைச்சாலையும் வேண்டா. அரசாங்கம் விலகி நிற்பதே சுதந்திரம் எனின், ஊரால் விலக்கப்பட்ட மனிதனுக்கு அச்சுதந்திரத்தால் பயன் என்ன?

உத்தரமேரூர்க் கல்வெட்டையும் இக்கண்ணோட்டத்தில் மீண்டும் படித்தல் நலம். அது பிராமணருக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின் சபை. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, குடவோலையில் பெயர் இடம்பெற வேண்டுமாயின் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கும் 70-க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அந்நிலத்தை உழுதவர் பெயர் அக்குடத்தில் விழவில்லை. பெண்கள் பெயரும் விழவில்லை. ஊழலைத் தடுக்க அக்காலத்தார் கண்ட முறை நாம் பெருமைப்படத் தக்கது. எனினும் ஊர் என்று அவர்கள் சொன்னபோது ஊரில் இருந்த எல்லோரையும் குறிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தனிமனிதன் அலகு என்று அம்பேத்கர் சொன்னதன் பொருள் இதுவே. உரிமைகளை எண்ணும்போது ஊர் என்று ஒன்றாக எண்ணினால், ஊரில் வலியவனே எண்ணிக்கையில் வருவான். தலை தலையாக எண்ணினால் ஒருவனும் விடுபட மாட்டான்.

நிர்ணய சபை இவ்விரு பாடங்களில் ஒன்றைத் தள்ளி மற்றொன்றை மட்டும் கொள்ளவில்லை. நவம்பர் 22-ஆம் நாள் சென்னை உறுப்பினர் கே. சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து, அவை தன்னாட்சி அலகுகளாக இயங்குதற்கு வேண்டிய அதிகாரங்களை அளிக்க அரசு முயல வேண்டும் என்பது அத்திருத்தம். அம்பேத்கர் மறுப்பு ஏதும் சொல்லாமல் அதை ஏற்றுக்கொண்டார். இன்று 40-ஆவது விதியாக விளங்குவது அதுவே. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 29-ஆம் நாள், தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது விதி நிறைவேறிற்று. அப்போது சபையில் மகாத்மா காந்திக்கு ஜே என்ற முழக்கம் எழுந்தது. கிராமத்தைப் பற்றி மாறுபட்ட இருவருடைய வாழ்நாட் பணியும் அவ்விதியில் ஒன்றுகூடின.

ஆயினும் இவ்விரு விதிகளுக்கும் அளிக்கப்பட்ட இடம் வேறு. பஞ்சாயத்து பற்றிய விதி, அரசுக்கு வழிகாட்டும் கொள்கைகளின் பகுதியில் உள்ளது. அதை நிறைவேற்றக் கோரி நீதிமன்றம் செல்ல இயலாது. தீண்டாமை பற்றியது அடிப்படை உரிமை. அதுவும் எத்தகைய உரிமை! பொதுவாக அடிப்படை உரிமைகள் அரசாங்கத்தின் கையைக் கட்டுவன. 17-ஆவது விதியோ அண்டை வீட்டானையும் கட்டுகிறது. கடை, உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றில் எவரையும் தடுத்தலாகாது என்னும் 15-ஆவது விதியின் இரண்டாம் கூறும் அவ்வாறே. மகாட் குளத்தின் நீர் அதில் தெரிகிறது. இவ்விதிகளைக் காப்பதற்கு அரசாங்கம் விலகி நிற்றல் போதாது. ஊருக்குள் வந்து நிற்றல் வேண்டும். 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இதற்காகவே இயற்றப்பட்டது.

ஊருக்குள் வந்து நிற்கும் அரசாங்கத்தை யார் காவல் காப்பது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. 1947 ஏப்ரலிலேயே, அடிப்படை உரிமைகளைப் பற்றிய ஆலோசனையில், வங்காளத்துப் பொதுவுடைமை உறுப்பினர் சோமநாத் லாகிரி ஒரு குறை கூறினார். இவ்வுரிமைகளில் பல ஒரு போலீஸ் காவலரின் நோக்கிலிருந்து எழுதப்பட்டவை போல் தோன்றுகின்றன என்பது அவர் கூற்று. அவர் அச்சம் வீண் என்று சொல்வதற்கில்லை. குடியரசு பிறந்த 1950-இல், மே மாதத்தின் ஒரே வாரத்தில், சென்னை அரசாங்கத்தை எதிர்த்த இரு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மே 19-ஆம் நாள், விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டிருந்த ஏ. கே. கோபாலனின் மனு தள்ளுபடியாயிற்று. மே 26-ஆம் நாள், பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் வார இதழ் சென்னை ராஜ்யத்துக்குள் வரலாகாது என்று பிறப்பித்த தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அரசாங்கத்துக்கும் தனிமனிதனுக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே என்று தேடும் பணி அன்று தொடங்கியது.

அக்கோடு எவ்வளவு எளிதில் அழியும் என்பதை நெருக்கடி நிலைக் காலம் காட்டிற்று. 1976 ஏப்ரல் 28-ஆம் நாள், நெருக்கடி நிலை நடப்பில் உள்ளபோது காவலில் வைக்கப்பட்டவர் தம் விடுதலை கோரி நீதிமன்றத்தை அணுக இயலாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவரில் நால்வர் கூறினர். நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தபோது அப்பழைய தீர்ப்பைத் தவறு என நீக்கியது. ஒருவருடைய மாறுபட்ட கருத்து நாட்டின் சட்டமாவதற்கு 41 ஆண்டுகள் சென்றன.

இனி, ஊரும் மனிதனும் அரசாங்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மற்றோர் இடத்தைக் காண்போம். அன்றைய சென்னை ராஜ்யத்தில், கல்லூரி இடங்களை 14 பங்காக்கி வகுப்புவாரியாகப் பகிரும் அரசாணை ஒன்று நடப்பில் இருந்தது. சாதியைக் காரணமாக்கி ஒரு மாணாக்கரைத் தள்ளுவது அவருடைய அடிப்படை உரிமைக்கு மாறானது என்று, செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாததாக்கியது. தமிழ்நாட்டில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. இரண்டே மாதங்களில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடமளிக்கும் கூறு 15-ஆவது விதியில் சேர்ந்தது. தனிமனிதனே அலகு எனின் வகுப்பை எண்ணுவது முறையா என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். வகுப்பின் பெயரால் பள்ளிக் கதவு அடைக்கப்பட்டவனுக்கு, அக்கதவைத் திறக்கும்போது மட்டும் வகுப்பைக் கேட்கலாகாது என்பது நியாயமாகுமா என்பது மறுசாராரின் கேள்வி. எவ்வளவு காலம், எவ்வளவு அளவில் என்பதில் வழக்குகள் தொடர்ந்து வருகின்றன. எனினும் வகுப்பு எண்ணப்படுவது, அதில் பிறந்த ஒவ்வொருவனும் தனி ஒருவனாக நிமிர்ந்து நிற்பதற்கே என்ற நோக்கம் இருக்கும் வரையில் இவ்வேற்பாடு அடிப்படையிலிருந்து விலகுவதன்று.

கிராமத்தின் கதையும் 1948-இல் முடியவில்லை. சந்தானம் விதைத்தது 45 ஆண்டுகளுக்குப் பின்னரே முளைத்தது. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, ஊராட்சிகளுக்கு முறையான தேர்தலை உறுதி செய்தது. உத்தரமேரூர்க் குடத்தில் விழாத பெயர்களுக்கு இத்திருத்தம் இடம் ஒதுக்கிற்று: பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அவர்தம் மக்கள் தொகைக்கேற்ப. இதை ஊர் எவ்வாறு ஏற்றது? மதுரை மாவட்டத்து மேலவளவில், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியை ஏற்றவர் 1997 ஜூனில் மற்றும் ஐவரோடு கொல்லப்பட்டார். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தேர்தல் நடக்கவிடப்படவில்லை. 2006-இல் அரசு அதிகாரிகளின் விடாமுயற்சிக்குப் பின்னரே தலைவர்கள் பொறுப்பேற்றனர். அம்பேத்கரின் ஐயம் பொய்யன்று என்பதற்கு இது சான்று. அதே வேளையில், இந்நாடெங்கும் இலட்சக்கணக்கான பெண்கள் ஊராட்சி மன்றங்களில் அமர்ந்து குடிநீரையும் தெருவிளக்கையும் பற்றி முடிவு செய்கிறார்கள். சந்தானத்தின் நம்பிக்கையும் பொய்யன்று.

இப்போது நம்மிடம் வருவோம். தமிழர் ஊரை விட்டுப் போனதற்குப் பஞ்சமும் வேலையும் மட்டும் காரணமல்ல. கோலார் தங்கவயலில் சுரங்கம் தோண்ட வட ஆற்காட்டிலிருந்து சென்றோரிலும், பம்பாயில் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்குச் சென்றோரிலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் பலர். சுரங்கம் இன்பபுரி அன்று. ஆயினும் அங்கே மாதம் முடிந்தால் கூலி காசாகக் கையில் வந்தது. பண்ணையாரின் முகம் பார்த்து நிற்க வேண்டியதில்லை. படித்துக் குமாஸ்தாவாகவும் ஆசிரியராகவும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் போனவர்களும் வேறு வகையில் ஊரின் பிடியிலிருந்து விலகியவர்களே. இவ்வாறு போகும் உரிமையை 19-ஆவது விதி நமக்குத் தருகிறது: இந்தியாவெங்கும் தடையின்றிச் செல்லவும், எப்பகுதியிலும் தங்கி வாழவும். அரசுப் பணியில் பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ காரணம் காட்டி ஒதுக்கலாகாது என்பது 16-ஆவது விதி. வசிப்பிட நிபந்தனையைப் பாராளுமன்றம் மட்டுமே விதிக்கலாம். இவ்வுரிமைகள் தமிழர் என்ற கூட்டத்துக்குத் தரப்பட்டவை அல்ல. ஒவ்வொரு குடிமகனுக்கும் தரப்பட்டவை. 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, மண்ணின் மைந்தர் என்ற கூட்டத்தின் குரலுக்கு எதிரே நம்மவர்க்கு இருந்த பிடிமானம் இந்தத் தனிமனித உரிமையே.

ஆயினும் தனிமனிதன் தனியாகப் பேசும் மொழி என்று ஒன்று இல்லை. வேற்றூரில் நம் குழந்தை தமிழ் படிக்கப் பள்ளி வேண்டும். பள்ளிக்குப் பல குடும்பங்கள் ஒன்றுசேர வேண்டும். நிர்ணய சபை இதையும் எண்ணிப் பார்த்தது. 1948 டிசம்பர் 8-ஆம் நாள், மொழியையும் பண்பாட்டையும் காக்கும் உரிமையைப் பற்றிய விவாதத்தில், சிறுபான்மையோர் என்ற சொல்லுக்கு அம்பேத்கர் விரிந்த பொருள் கூறினார். அதற்கு அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது யாரைத் தெரியுமா? சென்னையிலிருந்து பம்பாய் சென்று குடியேறியவர்களை! சட்டத்தின் வழக்கமான பொருளில் அவர்கள் சிறுபான்மையோர் அல்லராயினும், தம் மொழியைக் காக்க விரும்பினால் அவர்களுக்கும் இப்பாதுகாப்பு உண்டு என்றார். 29-ஆவது விதியின் சொற்கள் அவ்வாறே அமைந்தன. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்ட 1956-இல், தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்ற விதியும், மொழிச் சிறுபான்மையோருக்கென ஒரு தனி அதிகாரியை ஏற்படுத்தும் விதியும் சேர்ந்தன. கிராமத்தை அலகாக ஏற்க மறுத்த அதே மனிதர், மனிதர் தாமே விரும்பிக் கூடும் கூட்டத்துக்குக் காவல் அமைத்தார். இதில் முரண்பாடு இல்லை. பிறப்பால் சுமத்தப்படும் கூட்டம் வேறு. விரும்பிச் சேர்ந்து, விரும்பினால் விலகவும் கூடிய கூட்டம் வேறு.

இந்த வேறுபாடு நம்முடைய சங்கங்களுக்கும் உரைகல் ஆகும். ஊரை விட்டு வந்த நாம், ஊரின் பழைய பாகுபாடுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து சங்கத்தின் வாயிலில் அவிழ்த்தோமாயின், நம் பிள்ளைகளுக்கு மகாட்டையே மீண்டும் கட்டித் தந்தவர்களாவோம். அதே போல், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இன்று தமிழ்நாட்டுக்கு வந்து கட்டடம் எழுப்பும் தொழிலாளியும் 19-ஆவது விதியின் நிழலில்தான் நிற்கிறான். பம்பாயில் நமக்கு வேண்டியதாக இருந்த நியாயம் திருப்பூரில் அவனுக்கு மறுக்கப்படலாகாது. நம் சொந்த ஊரில் உள்ள உறவினருக்கு இதை எடுத்துச் சொல்லும் தகுதி, வேற்றூரில் வாழ்ந்தறிந்த நமக்கே மிகுதி.

ஊரா மனிதனா என்ற வினாவுக்கு 1948-இல் கிடைத்த விடை இது: மனிதனை எண்ணு, ஊரை மதி, ஊர் மனிதனை நெருக்கும்போது அரசாங்கம் குறுக்கே நிற்கட்டும், அரசாங்கமே நெருக்கும்போது நீதிமன்றமும் விழிப்புள்ள மக்களும் குறுக்கே நிற்கட்டும். இவற்றில் எந்தக் காவல் தளர்ந்தாலும் மற்றவை சுமக்கும் பாரம் கூடும். 1948-இல் எழுதிய விடையை ஒவ்வொரு தலைமுறையும் தன் குளத்தங்கரையில் நின்று மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.